காமிரா வாங்குமுன் வளையத்தைப் பாருங்கள்!

மிக்ஸி வைத்திருக்கும் சகோதரிகளுக்கு ஒரு கேள்வி. உங்கள் வீட்டு மிக்ஸி ஜார் விரிசல் விட்டுவிட்டது. எதிர் வீட்டு அக்கா, "எங்கிட்டே ஒண்ணு சும்மாதான் கிடக்குது, எடுத்துக்கோம்மா" என்று தாராளமாகக் கொடுக்கிறார். ஆசையோடு கொண்டுவந்து மேலே வைத்துப் பார்க்கிறீர்கள். ஊஹூம்! உட்காரவே மாட்டேன் என்கிறது. இப்படித் திருப்புகிறீர்கள், அப்படித் திருப்புகிறீர்கள். கம்பெனி வேறாம்! குக்கருக்கு ரப்பர் வளையம் வாங்கப் போனவர்களுக்கும் இந்தக் கதை தெரிந்திருக்கும்.

டி.எஸ்.எல்.ஆர். காமிராவும் இந்த ஜாதிதான். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். லென்ஸ் வழியாக வரும் வெளிச்சத்தை உள்ளே சாய்வாக நிற்கும் ஒரு முகக்கண்ணாடி மேலே திருப்பி, உங்கள் கண்ணுக்குக் காட்டுகிறது. பொத்தானை அமுக்கியதும் கண்ணாடி 'டக்'கென்று தூக்கிக் கொள்ள, வெளிச்சம் நேரே பின்னால் போய் சென்ஸர் என்ற சில்லின் மேல் விழுந்து படமாகிறது. முன்னே அந்த இடத்தில் பிலிம் இருந்தது. முன்புறம் உள்ள லென்ஸைக் கழற்றிவிட்டு வேறு லென்ஸ் மாட்டலாம். காமிராவின் பெருமை இந்தக் கழற்றி மாட்டும் வித்தையில் இருக்கிறது. வாங்குகிறவரின் பணம் வீணாவதும் பெரும்பாலும் இங்கேதான்.

"இந்தக் காலத்தில் டி.எஸ்.எல்.ஆர். வாங்குவார்களா? கண்ணாடி இல்லாத காமிரா வந்துவிட்டதே!" என்று உங்கள் பிள்ளை கேட்பான். வாஸ்தவம். 2018-ல் நிக்கானும் கானனும் கண்ணாடியில்லாக் காமிராவுக்கென்று புதிய வளையங்களைக் கொண்டுவந்தன. 2020-க்குப் பிறகு அவ்விரண்டும் புதிய டி.எஸ்.எல்.ஆர். மாடல் எதுவும் வெளியிடவில்லை. அதனாலேயே நல்ல பழைய காமிராக்களும் லென்ஸ்களும் முன்பு நினைத்துப் பார்க்க முடியாத விலைக்குக் கைமாறுகின்றன. முதல் காமிரா வாங்குகிறவர்களுக்கு இது நல்ல காலம், கண்ணைத் திறந்து வாங்கினால்.

செஞ்சிக்குப் பக்கத்தில் வல்லம் என்று ஓர் ஊர். அங்கே ஒரு பெண் இருப்பதாக வைத்துக் கொள்ளுங்கள். கற்பனைப் பெண்தான், ஆனால் அவளைப் போன்றவர்கள் ஊருக்கு ஒருத்தி இருக்கிறார்கள். மகளிர் குழுவில் கொஞ்சம் கடன், அம்மாவின் சீட்டுப் பணம் கொஞ்சம். கோட்டையைப் படம் எடுக்க வேண்டும் என்ற ஆசை சின்ன வயதிலிருந்து உண்டு. ஆசை சோறு போடுமா? சீமந்தம், மஞ்சள் நீராட்டு, வளையல் அடுக்குவது என்று பெண்கள் கூடும் விசேஷங்களுக்குப் பெண் ஒருத்தியே படமெடுக்க வந்தால் வீட்டாருக்குச் சௌகரியம். அதைத் தொழிலாக்கிக் கொண்டால், கோட்டையை ஞாயிற்றுக்கிழமைகளில் எடுக்கலாம் என்பது அவள் கணக்கு. நல்ல கணக்கு!

அவள் நிக்கான் டி 3500 என்ற காமிராவை வாங்கிவிட்டாள். 2018-ல் வந்தது, கைக்கு அடக்கமானது, படமும் சுத்தமாக வரும். அத்துடன் வந்த 18-55 லென்ஸ் பகல் வெளிச்சத்துக்குப் போதும். கல்யாண மண்டபத்து மங்கல் வெளிச்சத்துக்கு எஃப் 1.8 என்று குறிப்பிடும் அகலத் துவாரம் உள்ள லென்ஸ் வேண்டும். 50 மில்லிமீட்டர் அளவில், கூட வந்த லென்ஸைவிட அது ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். பழைய காமிரா விற்கும் கடைக்குப் போகிறாள்.

"அண்ணே, இந்த அம்பது எம்.எம். நம்ம காமிராவுக்குச் சேருமா?"

"ஜம்முனு சேரும்மா! அதுவும் நிக்கான், இதுவும் நிக்கான். அப்புறம் என்ன யோசனை?"

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. மாட்டினால் 'க்ளிக்' என்று பூட்டிக் கொள்கிறது. விலையும் மலிவு. ஆனால் அது 50 மில்லிமீட்டர் எஃப் 1.8 'டி' என்ற லென்ஸ். அதற்குள் மோட்டார் கிடையாது. காமிராவில் இருக்கும் மோட்டார்தான் ஒரு சிறு திருகாணி வழியாக அதைச் சுழற்றி உருவத்தைத் துல்லியமாக்க வேண்டும். டி 3500-லோ அந்த மோட்டாரே இல்லை! ஆகவே ஒவ்வொரு படத்துக்கும் கையால் திருக வேண்டும். கோட்டைச் சுவர் ஓடிவிடாது, நிதானமாகத் திருகலாம். ஒழுங்காகத் திருகியிருக்கிறோமா என்பதற்கு உள்ளே ஒரு பச்சைப் புள்ளிகூடத் தெரியும். கெட்டிமேளம் கொட்டும்போது? மாப்பிள்ளை குனிகிறார், நாத்தனார் மறைக்கிறாள், அட்சதை பறக்கிறது. இவள் வளையத்தைத் திருகி முடிப்பதற்குள் மூன்று முடிச்சும் விழுந்துவிட்டது. மறுபடி ஒரு தடவை கட்டச் சொல்ல முடியுமா?

அதே லென்ஸில் 'டி' போய் 'ஜி' என்ற எழுத்தும், முன்னால் ஏ.எஃப்-எஸ் என்ற எழுத்துகளும் இருந்திருந்தால் மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருக்கும், தொல்லை இல்லை. ஒரே ஓர் எழுத்து!

ஏன் இந்தக் குழப்பம் என்று பார்த்தால் ரசமான பழங்கதை ஒன்று இருக்கிறது. நிக்கான் கம்பெனி 1959-ல் 'எஃப்' என்ற வளையத்தைச் செய்தது. அறுபது வருஷம் அந்த வளையத்தின் உருவத்தை மாற்றவே இல்லை. பழைய வாடிக்கைக்காரரைக் கைவிடக் கூடாது என்ற பிடிவாதம். வெளியே மாற்றவில்லையே தவிர, உள்ளே ஒட்டுப் போட்டுக்கொண்டே வந்தார்கள். 1977-ல் துவார அளவைக் காமிராவுக்குச் சொல்ல ஒரு விளிம்பு. 1986-ல் காமிராவுக்குள் மோட்டாரும் திருகாணியும். 1990-களில் லென்ஸுக்குள்ளேயே மோட்டார். 2006-ல் டி 40 என்ற சின்னக் காமிராவைச் செய்தபோது உடலிலிருந்த மோட்டாரை எடுத்துவிட்டார்கள். கூட்டுக் குடும்பத்து வீட்டைத் தலைமுறைக்கு ஓர் அறையாக இழுத்துக் கட்டியது போல் ஆகிவிட்டது. வாசற்படி ஒன்றுதான், எந்தக் கதவு எங்கே திறக்கும் என்பது பழகினவர்களுக்குத்தான் தெரியும்.

கானன் செய்தது நேர்மாறு. 1987-ல் தன் பழைய 'எஃப்.டி.' வளையத்தை ஒரேயடியாகத் தலைமுழுகிவிட்டு, 'இ.எஃப்.' என்று புதியது ஒன்றைக் கொண்டுவந்தது. திருகாணி, நெம்புகோல் எதுவும் இல்லை. எல்லாம் மின்சாரத் தொடர்பு. மோட்டார் எப்போதும் லென்ஸுக்குள். பெட்டி பெட்டியாக எஃப்.டி. லென்ஸ் வைத்திருந்தவர்கள் வயிறெரிந்தார்கள். ஆனால் அன்று அவர்கள் பட்ட கஷ்டம் இன்று நமக்குச் சௌகரியமாகிவிட்டது! 1987-ல் கானன் செய்த இ.எஃப். லென்ஸ்கூட இன்றைய கானன் டி.எஸ்.எல்.ஆர். எதில் மாட்டினாலும் தானே திருகிக்கொண்டு படமெடுக்கும். எழுத்து பார்க்கத் தெரியாதவர்களுக்குக் கானன்தான் பத்திரம் என்பது என் அபிப்பிராயம். நிக்கான் பக்தர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்களுக்கும் வழி சொல்கிறேன்.

கானனிலும் ஒரு பேதம் உண்டு. 2003-ல் சிறிய சென்ஸர் காமிராக்களுக்கென்று 'இ.எஃப்-எஸ்' லென்ஸ்களைச் செய்தார்கள். லென்ஸில் வெள்ளைச் சதுரம் இருந்தால் அது இ.எஃப்-எஸ்; சிவப்புப் புள்ளி இருந்தால் இ.எஃப். 1300டி, 1500டி, 750டி போன்ற காமிராக்களில் இரண்டு அடையாளமும் இருக்கும், இரண்டும் மாட்டலாம். 6டி, 5டி போன்ற பெரிய சென்ஸர் காமிராக்களில் சிவப்புப் புள்ளி மட்டும்தான்; வெள்ளைச் சதுரம் ஏறாது. பின்னால் பெரிய காமிராவுக்குப் போகும் உத்தேசம் இருந்தால் விலை உயர்ந்த லென்ஸைச் சிவப்புப் புள்ளியிலேயே வாங்குவது புத்திசாலித்தனம். பிளாஷ் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1500டி, 3000டி, 200டி-யின் இரண்டாம் பதிப்பு ஆகியவற்றில் பிளாஷ் மாட்டும் இடத்தில் நடு ஆணிக்குத் தொடர்பு இல்லை. மற்றக் கம்பெனிகளின் சாதாரண ஒற்றைத் தொடர்பு பிளாஷ்கள் அவற்றில் எரியாது. விசேஷ வீட்டில் போய்த் தெரிந்துகொள்ள வேண்டிய சமாசாரமா இது?

நிக்கான்காரர்களுக்கு நான் சொல்ல வந்த வழி டி 7200. 2015-ல் வந்த காமிரா. உள்ளே மோட்டார் உண்டு, பழைய லென்ஸின் துவாரத்தை அறியும் நாக்கும் உண்டு. நம் வல்லத்துப் பெண்ணின் 'டி' லென்ஸ் இதில் சரசரவென்று வேலை செய்யும். ஆனால் 1977-க்கு முந்திய, மாற்றம் செய்யப்படாத லென்ஸை மட்டும் இதில் மாட்டிவிடாதீர்கள். அந்த நாக்கு முறியும். விசித்திரம் என்னவென்றால், நாக்கே இல்லாத எளிய டி 3500-ல் அந்தத் தாத்தா லென்ஸ் பாதகமின்றி ஏறும். ஆனால் வெளிச்சத்தை அளந்து சொல்லாது. 'ஏ.எஃப்-பி' என்ற புதுவகை லென்ஸ்கள் இதற்கு எதிரிடை: டி 3400, டி 3500, டி 5600 காமிராக்களில் சத்தமில்லாமல் வேலை செய்யும்; டி 3200, டி 5100, டி 7000 ஆகியவற்றில் திருகவே திருகாது. மலிவாகக் கிடைக்கிறதென்று டி 3200 உடலும் ஏ.எஃப்-பி லென்ஸும் தனித்தனியே வாங்கினால், இரண்டும் நிக்கான், இரண்டும் புத்தம் புதிது போல் இருக்கும், படம் மட்டும் தெளியாது.

டாம்ரான், சிக்மா, டோகினா என்ற பெயர்களைப் பார்த்து ஏமாறுகிறவர்களும் உண்டு. அவை லென்ஸ் செய்கிறவரின் பெயர், வளையத்தின் பெயரல்ல. ஒரே லென்ஸைக் கானனுக்கு ஒரு வளையம், நிக்கானுக்கு ஒரு வளையம் வைத்து அவர்கள் விற்கிறார்கள். "டாம்ரான் இருக்கிறதா?" என்று கேட்டால் போதாது, "எந்தக் காமிராவுக்கான டாம்ரான்?" என்று கேட்க வேண்டும்.

வளைகுடா நாட்டிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ சித்தப்பா கொண்டுவந்த பிலிம் காமிரா அலமாரியில் தூங்குகிறதா? பென்டாக்ஸ் கே 1000 என்றால் அதன் லென்ஸ் இன்றைய பென்டாக்ஸ் டி.எஸ்.எல்.ஆரில் நேரே ஏறும்; அது 1975-ல் செய்த வளையம். கையால் திருக வேண்டும், அவ்வளவுதான். பழைய நிக்கான் லென்ஸைக் கானன் உடலில் மாட்டவும் இணைப்பு வளையம் விற்கிறார்கள். கையால் திருகித் தூரத்து மலைகூடத் தெளிவாக எடுக்கலாம். அதையே தலைகீழாகச் செய்ய முயன்றால் நடக்காது. காரணம் சுலபமானது. நிக்கானில் வளையத்திலிருந்து சென்ஸருக்கு 46.5 மில்லிமீட்டர் தூரம், கானனில் 44. கானன் லென்ஸைச் சென்ஸருக்கு இன்னும் கிட்டே வைத்தாக வேண்டும். நிக்கான் உடல் இடம் கொடுக்காது.

இந்தத் தூரக் கணக்குதான் எதிர்காலத்துக்கும் வழி விடுகிறது. கண்ணாடியில்லாக் காமிராக்களில் அந்தத் தூரம் மிகக் குறைவு. கானன் இ.எஃப். லென்ஸை, நடுவில் ஓர் இணைப்பு வைத்து, அதன் புதிய காமிராவில் எல்லா வசதியோடும் உபயோகிக்கலாம். நிக்கானின் சொந்த இணைப்பில் உள்ளே மோட்டார் உள்ள லென்ஸ்கள் தாமாகத் திருகும். நம் 'டி' லென்ஸ் அங்கேயும் கைத்திருகல்தான். மினோல்டா 1985-ல் தொடங்கி, 2006-ல் சோனியின் கைக்குப் போன 'ஏ' வளையக் காமிராக்களின் விற்பனையைச் சோனி 2021-ல் நிறுத்திவிட்டது. அந்த வீட்டில் சம்பந்தம் செய்யுமுன் இரண்டு தடவை யோசியுங்கள். காமிரா உடல் ஐந்தாறு வருஷத்தில் பழசாகும். நல்ல லென்ஸ் இருபது வருஷம் உழைக்கும். பெண்ணுக்கு நகை பார்ப்பது போல் லென்ஸைப் பாருங்கள்.

கடைக்குப் போகுமுன் உங்கள் ஊர் ஸ்டூடியோக்காரர், சித்தப்பா பிள்ளை, கல்லூரித் தோழி ஆகியோரிடம் என்ன வளையம் இருக்கிறது என்று விசாரித்துவிடுங்கள். விசேஷத்துக்கு அண்டா இரவல் வாங்குவது போல ஒரு நாளைக்கு லென்ஸ் இரவல் வாங்கலாம். பத்துப் பேர் கானன் வைத்திருக்கும் தெருவில் நீங்கள் மட்டும் வேறு வாங்கினால் அவசரத்துக்கு யாரிடம் கேட்பீர்கள்?

இனி நம் பெண்ணைக் கோட்டைக்கு அனுப்புவோம். 2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை, மராட்டியரின் பன்னிரண்டு கோட்டைகளில் ஒன்றாக, யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. சிவாஜி 1677-ல் பிடித்த கோட்டை. மொகலாயப் படை 1690-லிருந்து 1698 வரை முற்றுகை போட்ட கோட்டை. ராஜகிரி அடிவாரத்தில் நிற்கும் கல்யாண மகாலைக் கிட்டே நின்று முழுசாக எடுக்க 18 மில்லிமீட்டர் முனை வேண்டும். கூட வந்த சாதாரண லென்ஸே போதும், பணம் செலவழிக்காதீர்கள். 50 மில்லிமீட்டரோ சிறிய சென்ஸரில் 75, 80 போல் நெருக்கிக் காட்டும். அது முகங்களுக்கு அழகு. கட்டடத்துக்கும் சின்ன வீட்டுக் கூடத்துக்கும் உதவாது. ராஜகிரி உச்சியிலிருந்து கிருஷ்ணகிரி மதிலை இழுத்துக் காட்ட 55-250, 70-300 போன்ற நீள லென்ஸ் இருந்தால் பிரமாதம். அதைத் தோளில் சுமந்துகொண்டு அத்தனை படியும் ஏற வேண்டும் என்பதையும் யோசித்துக் கொள்ளுங்கள். குரங்குகள் வேறு இருக்கின்றன. லென்ஸ் மூடியைத் தின்பண்டம் என்று நினைத்து அவை கையை நீட்டும்.

பழைய லென்ஸ் வாங்கும்போது கைவசம் ஒரு டார்ச் விளக்கு இருக்கட்டும். லென்ஸின் ஒரு புறமிருந்து வெளிச்சம் அடித்து மறுபுறம் பாருங்கள். சிலந்தி வலை போல் மெல்லிய இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பிறகு உங்கள் காமிராவிலேயே அதை மாட்டி, பொத்தானைப் பாதி அமுக்குங்கள். லென்ஸ் தானே முனகித் திரும்பி உருவத்தைத் தெளிய வைக்கிறதா? அதைப் பார்த்த பிறகே பர்ஸைத் திறங்கள்.