கல்வராயன் மலைக்கு சோலார் பேனலோட கிளம்புறீங்களா? நேரா மாட்டாதீங்க!

கள்ளக்குறிச்சியிலிருந்து மலையேறி வெள்ளிமலையில் தங்கப் போறீங்களா? டார்ச் பேட்டரியை சார்ஜ் பண்ண குட்டி சோலார் பேனலே போதும். ஆனா, பேனல் ஒயரை நேரா லித்தியம் அயான் செல்லில் மாட்டிடாதீங்க!

காரணம் இதுதான். 6 வோல்ட் பேனல், நல்ல வெயிலில் அதைத் தாண்டியும் காட்டும். சாதாரண லித்தியம் செல்லுக்கு 4.2 வோல்ட்தான் எல்லை. மீறினால் செல் உப்பும், தீயும் பிடிக்கலாம்.

நடுவில் 'டிபி4056' சார்ஜர் போர்டு வைங்க. 4.2 வோல்ட் வந்ததும் கரன்ட்டைப் படிப்படியா குறைத்து, அதுவே நிறுத்திடும்.

3 வாட் பேனல் அரை ஆம்பியர் தரும். 2,000 மில்லி ஆம்பியர் ஹவர் செல் நிரம்ப, நல்ல வெயிலிலேயே குறைந்தது 4 மணி நேரம். மேகம் மூடினால் இன்னும் இழுக்கும்.

பேனல் வெயிலில், பேட்டரி நிழலில். 45 டிகிரி செல்சியஸைத் தாண்டி சூடான செல்லை சார்ஜ் பண்ணாதீங்க. உப்பின செல்லா? மலைக்கே எடுத்துட்டுப் போகாதீங்க!