ஊசி போட்ட அன்று ராத்திரி

அமெரிக்காவில் பிரெண்டன் நைஹன் என்ற பேராசிரியரும் அவரது குழுவினரும் 1,759 பெற்றோரிடம் நடத்திய ஆய்வு 2014-ல் வெளியானது. தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் தடுப்பூசியால் ஆட்டிசம் வராது என்று சிலருக்கு விளக்கினார்கள். சிலருக்கு நோயில் வாடும் குழந்தைகளின் படங்களைக் காட்டினார்கள். விளக்கத்தைப் படித்தவர்கள் ஆட்டிச வதந்தியை நம்புவது குறைந்தது. ஆனால், முன்பே ஊசியை விரும்பாதவர்கள் 'அடுத்த குழந்தைக்குப் போடுவேன்' என்று சொல்வதும் சேர்ந்து குறைந்தது! படம் பார்த்தவர்களிடமோ ஆட்டிச பயம் கூடியிருந்தது.

அந்த பயத்தின் ஊற்று, 12 குழந்தைகளை மட்டும் வைத்து 1998-ல் 'லான்செட்' இதழில் வந்த ஒரு கட்டுரை. 2010-ல் இதழே அதைத் திரும்பப் பெற்றுவிட்டது. பயம் மட்டும் போகவில்லை.

நம் ஊரிலும் பார்த்தோம். 2017 பிப்ரவரியில் தமிழகப் பள்ளிகளில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போடத் தொடங்கியபோது, வாட்ஸ்அப் வதந்திகளை நம்பிப் பல பெற்றோர் பிள்ளைகளை அனுப்ப மறுத்தார்கள். படித்தவர்களும் அதில் இருந்தார்கள். எனவே 'அறியாமை' என்ற ஒரே சொல்லில் இதை முடித்துவிட முடியாது. ஊசி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் தள்ளிப்போடுவதையும் மறுப்பதையும் சேர்த்தே 'தடுப்பூசித் தயக்கம்' என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம்பிக்கைக் குறைவு, மெத்தனம், வசதியின்மை என்று காரணங்கள் பல. எந்த வீட்டில் எந்தக் காரணம் என்று போய்க் கேட்டால்தான் தெரியும்.

அப்படிக் கேட்கக் கற்பவர்களில் முக்கியமானவர்கள் இளநிலை மருத்துவ மாணவர்கள் என்பது என் எண்ணம். எம்.பி.பி.எஸ். படிக்கும்போதே, வழிகாட்டும் பேராசிரியரின் கீழ் இரண்டு மாதம் ஆய்வு செய்ய 1979 முதல் உதவித்தொகை தருகிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.). ஆய்வுக்கேள்வியை வகுப்பது, நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் பெறுவது, தரவு திரட்டுவது, அறிக்கை எழுதுவது என்று எல்லாவற்றையும் மாணவரே செய்யவேண்டும். இவற்றில் மிகக் கடினமானது, தரவுக்காகப் பெற்றோரிடம் கேள்வி கேட்பதுதான்.

"எல்லா ஊசியும் போட்டாச்சாம்மா?" என்று தடுப்பூசித் தயக்கத்தை ஆராயும் மாணவி ஒரு தாயிடம் கேட்டால், "போட்டாச்சு டாக்டரம்மா" என்றுதான் பதில் வரும். வெள்ளைக் கோட்டுக்கு முன்னால் வேறு பதில் சொல்ல யாருக்குத் துணிவு வரும்? நல்ல வழிகாட்டி, முதலில் தடுப்பூசி அட்டையை வாங்கிப் பார்க்கச் சொல்வார். பிறகு கேள்வியை மாற்றச் சொல்வார்: "ஊசி போட்ட அன்னிக்கு ராத்திரி பாப்பா எப்படிம்மா இருந்துச்சு?"

இப்போது பேச்சு வரும். தொடை வீங்கியது, உடம்பு அனலாய்க் கொதித்தது, விடிய விடியக் குழந்தை அழுதது, மாமியார் திட்டியது, மறுநாள் வேலைக்குப் போகாமல் கூலி போனது. ஆறாவது வாரத்தில் போடும் பென்டாவேலன்ட் என்ற கூட்டுத் தடுப்பூசிக்குப் பிறகு காய்ச்சல் வருவது சகஜம். உடல் எதிர்ப்பாற்றலைத் திரட்டுகிறது, ஓரிரு நாளில் தணிந்துவிடும். ஊசி போடும் புதன்கிழமைக் கூட்டத்தில் அதை அந்தத் தாய்க்கு யாராவது நிதானமாகச் சொல்லியிருந்தால், பத்தாவது வார ஊசிக்கும் வந்திருப்பாள்.

மாணவியின் வினாத்தாளில் 'பக்கவிளைவு பயம்' என்று ஒரு கட்டம் இருக்கும், 'நேரமின்மை' என்று இன்னொன்று. எதில் டிக் அடிப்பது என்று அவள் வந்து கேட்கும்போது, "ரெண்டுலயும் அடி. பக்கத்துல அந்தம்மா சொன்னதை அப்படியே எழுது" என்று சொல்லும் பேராசிரியர் அவளுக்கு வாய்க்கவேண்டும்.