சௌராஷ்டிரத்தில் கூட்டுக் குடிநீர்த் திட்டம்

1980-களின் நடுவில் மழை தொடர்ந்து பொய்த்தபோது, குஜராத் மாநிலத்தின் ராஜ்கோட் நகருக்கு இரயில் வண்டிகளில் குடிநீர் கொண்டு செல்ல நேர்ந்தது. 1986-ஆம் ஆண்டின் இந்நிகழ்ச்சி, அப்பகுதியின் குடிநீர்ப் பிரச்சினையை உள்ளூர் ஆதாரங்களைக் கொண்டு மட்டுமே தீர்த்துவிட முடியாது என்பதை உணர்த்தியது.

சௌராஷ்டிரத்தின் பெரும்பகுதி எரிமலைக் குழம்பு இறுகிய பாறை நிலமாகும். அதில் நிலத்தடி நீர் தங்கும் இடம் குறைவு. ஆறுகளோ குறுகியவை, மழைக்காலம் முடிந்ததும் வறண்டுவிடுபவை. கடலோரத்தில் கிணற்று இறைப்பு மிகுந்தமையால் உப்புநீர் உட்புகுந்தது. வட குஜராத்தில் ஆழ்குழாய்க் கிணறுகளை மேன்மேலும் ஆழப்படுத்தியதன் விளைவாக நீரில் புளோரைடு மிகுந்தது. அது லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் பற்களையும் எலும்புகளையும் தாக்கத் தொடங்கும்.

எனவே, தொலைவிலுள்ள நர்மதை ஆற்றின் பக்கம் திட்டமிடுவோரின் கவனம் திரும்பியது. 1979-இல் நடுவர் மன்றம் வழங்கிய தீர்ப்பின்படி குஜராத்தின் பங்கு 90 இலட்சம் ஏக்கர் அடி நீராகும். இதில் 10.6 இலட்சம் ஏக்கர் அடி குடிநீருக்கும் தொழில்களுக்குமென ஒதுக்கப்பட்டது. நீரை மொத்தமாகக் கொண்டு செல்லும் பெருங்குழாய்ப் பணிகளுக்கென 1999-இல் மாநில அரசு தனி நிறுவனம் ஒன்றைத் தோற்றுவித்தது.

இத்தகைய திட்டத்தின் அமைப்பு எளிதில் விளங்கக்கூடியதே. கால்வாயிலிருந்து எடுக்கப்படும் நீர் சுத்திகரிக்கப்பட்டு, நீரேற்று நிலையங்களின் வாயிலாக உயரமான இடங்களுக்குச் செலுத்தப்படுகிறது. அங்கிருந்து கிளைக் குழாய்களில் ஊர்த் தொட்டிகளை அடைகிறது. நாளொன்றுக்கு நபருக்கு 55 லிட்டர் என்று கொண்டால், 2,000 பேர் வாழும் சிற்றூருக்கு 1,10,000 லிட்டர் தேவைப்படும்.

இடர்ப்பாடு கடைசி ஊரில்தான் தோன்றுகிறது. நீண்ட குழாயில் உராய்வினால் அழுத்தம் குறைந்துகொண்டே செல்லும். வழியிலுள்ள ஊர்கள் அளவுக்கு மேல் எடுத்தாலும், குழாயில் களவாகத் துளையிடப்பட்டாலும், மின்சாரம் சில மணி நேரம் தடைப்பட்டாலும் முதலில் வற்றுவது கடைமடைத் தொட்டியே. பாசனக் கால்வாயின் பழைய வழக்கு இங்குக் குழாய்க்குள் புகுந்துவிட்டது எனலாம். அதற்குள் உள்ளூர்க் கிணறு கவனிப்பாரற்றுத் தூர்ந்திருந்தால், ஊராருக்கு லாரித் தண்ணீரே கதியாகும். குடத்துடன் காத்து நிற்பவர்கள் பெரும்பாலும் பெண்களே.

இதனை உணர்ந்தே 2002-இல் ‘வாஸ்மோ’ என்னும் அமைப்பு நிறுவப்பட்டது. ஊர் எல்லை வரை நீரைக் கொண்டு வருவது அரசின் பொறுப்பு. ஊருக்குள் வழங்குவது ‘பானி சமிதி’ எனப்படும் குழுவின் பொறுப்பு. உள்ளூர்ப் பணிச் செலவில் பத்து விழுக்காட்டை மக்களே ஏற்க வேண்டுமென விதிக்கப்பட்டது. ஏழைக் குடும்பங்களுக்கு இது சுமையே. எனினும், பணம் கொடுத்தவர்கள் கணக்குக் கேட்கவும் உரிமை பெற்றனர். ஆனால் ஊர் எல்லைக்கு அப்பால் குழாய் வற்றினால் இக்குழுவினால் செய்யக்கூடியது அதிகமில்லை.

2022 அக்டோபரில், மாநிலத்தின் ஊரக வீடுகள் அனைத்துக்கும் குழாய் இணைப்பு கிடைத்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. இணைப்பு வேறு, நீர்வரத்து வேறு. ஒவ்வோர் ஊர்த் தொட்டியின் நுழைவாயிலிலும் அளவுமானி பொருத்தி, நாள்தோறும் வந்த நீரைக் குறித்து, அக்குறிப்பைப் பானி சமிதியும் நீரேற்று நிலையமும் ஒப்பிட்டுப் பார்த்தால்தான் கடைசி ஊருக்கு உரிய நீர் எங்கே நின்றுபோனது என்பது தெரியவரும்.