'அப்பாடா' என்று மூச்சு விட்டதும் மனம் ஏன் லேசாகிறது?

நாளெல்லாம் ஓடிவிட்டு, உட்கார்ந்து 'அப்பாடா' என்கிறீர்கள். நெஞ்சு லேசாகிறது. எப்படி?

மணிக்கட்டில் நாடியைத் தொட்டுப் பாருங்கள். மூச்சை இழுக்கும்போது துடிப்பு சற்று வேகமாகும், விடும்போது தணியும்.

இதயம் வண்டிமாடு மாதிரி. தன்போக்கில் விட்டால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 முறை துடிக்கும். மூளையிலிருந்து இறங்கும் வேகஸ் நரம்புதான் மூக்கணாங்கயிறு. அது துடிப்பை 70-க்குப் பக்கத்தில் பிடித்து வைக்கிறது. மூச்சை விடும்போது கயிறு இறுகும், இழுக்கும்போது தளரும். 'அப்பாடா' என்பதும் நீளமாக விடும் மூச்சுதான்.

நரம்பு எப்படிக் கயிறாகும்? 1921-இல் விஞ்ஞானி ஓட்டோ லோவி ஒரு தவளை இதயத்தின் வேகஸைத் தூண்டினார். அது ஊறிய திரவத்தை வேறொரு இதயத்தில் விட்டார். அதுவும் மெதுவானது! நரம்பு சுரந்த ரசாயனம்தான் காரணம்.

உங்களைக் கவனித்துக்கொள்ளக் காசு வேண்டாம், ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். நான்கு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள்; விடும் நேரம் நீண்டால் கயிறு இறுகும் நேரமும் நீளும். மூச்சு முட்டினால் எண்ணிக்கையைக் குறையுங்கள்.