வீட்டில் சால்டரிங் மேஜை: வாங்கத் தக்கவை

மருந்துத் தெளிப்பானின் பாட்டரிக் கம்பியையும் கைவிளக்கையும் வீட்டிலேயே பழுதுபார்க்க விழையும் இளைஞர் நம் சிற்றூர்களில் பலர் உளர். அவர்கட்கு முதலில் வேண்டுவது நல்ல சால்டரிங் அயர்ன் ஒன்றே. நுண்ணிய வேலைக்கு 25 வாட் போதும். தடித்த கம்பிக்கு அதன் சூடு எட்டாது. ஆகவே, வெப்பத்தைக் கூட்டிக் குறைக்கும் 60 வாட் கருவியையே பரிந்துரைப்போம். எர்த் இணைப்பு இன்றியமையாதது.

ஈயக்கம்பி வாங்குவதில்தான் பலர் ஏமாறுகின்றனர். வெள்ளீயம் 63, காரீயம் 37 பங்குள்ள கம்பி 183 டிகிரி செல்சியஸில் உருகி உடனே இறுகும், கற்போர்க்கு எளிது. உள்ளே பைன் மரப் பிசின் கொண்ட, 0.8 மில்லிமீட்டர் கம்பியாகக் கேட்டு வாங்குக. தகர வேலைக்குரிய அமிலத்தை (மலிவாயினும்) தடவலாகாது. நாளடைவில் அது செப்புத் தடத்தை அரித்துவிடும்.

காரீயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. அடுக்களையிலும், குழந்தை தவழுமிடத்திலும் இவ்வேலை அறவே கூடாது. வேலை முடிந்ததும் சோப்பிட்டுக் கை கழுவுதல் வேண்டும்; துணுக்குகளை மூடியுள்ள டப்பாவில் சேர்த்தல் வேண்டும். காரீயமற்ற கம்பியும் உண்டு. பொதுவாக 217 டிகிரிக்கு மேல்தான் அது உருகும், விலையும் கூடுதல். சிறுகுழந்தைகள் உள்ள வீட்டார் அதனையே வாங்குக. பிசின் புகை எக்கம்பியிலும் எழுமாதலின், மேஜையைச் சன்னலோரம் இடுக.