குத்துச்சண்டை வீரரின் அமெச்சூர் கணக்கைச் சரிபார்த்தல்: முகமது அலியை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

1975-ஆம் ஆண்டு கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் முகமது அலி, ஜோ பக்னரை எதிர்த்துப் போட்டியிட்டார். 15 சுற்றுகள் நீடித்த அப்போட்டியில் அலி வென்றார் என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. அவர்தம் தொழில்முறைக் கணக்கும் அத்தகையதே: 61 போட்டிகள், 56 வெற்றிகள், 5 தோல்விகள். ஆயின், 1960-ஆம் ஆண்டு அக்டோபரில் தொழில்முறைக்கு மாறுவதற்கு முன் அவர் ஆடிய அமெச்சூர் போட்டிகளின் கணக்கில் இத்தகைய ஒருமைப்பாடு இல்லை. 100 வெற்றி, 5 தோல்வி என்பார் ஒரு சாரார். 100 வெற்றி, 8 தோல்வி என்பார் மற்றொரு சாரார். இவ்வேறுபாடு தோன்றுவதற்கான காரணங்களையும், இத்தகைய கணக்கைச் சரிபார்க்கும் நெறியையும் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

வேறுபாட்டிற்கான காரணங்கள்

தொழில்முறைப் போட்டி என்பது பணம் கைமாறும் நிகழ்வு. ஒப்பந்தம், உரிமம், ஆணையத்தின் அனுமதி என ஒவ்வொன்றும் ஓர் ஆவணத்தை விட்டுச்செல்கிறது. அமெச்சூர் போட்டிகளோ பள்ளி மண்டபங்களிலும் உடற்பயிற்சிக் கூடங்களிலும் நடைபெற்றவை. அமெரிக்காவில் 1978-ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை அமெச்சூர் தடகளச் சங்கமே இவ்விளையாட்டை நிருவகித்தது. அதன் வட்டாரக் கிளைகள் தத்தம் போட்டிகளை நடத்தினவே தவிர, எல்லாப் போட்டிகளையும் ஒருங்கே பதிந்த நடுவண் பதிவேடு இருக்கவில்லை.

இதனுடன் வேறு சில காரணங்களும் சேர்கின்றன. எதிராளி வராமையால் கிட்டிய வெற்றியைச் சிலர் கணக்கில் சேர்ப்பர், சிலர் விலக்குவர். காட்சிப் போட்டிகளையும் சிறுவர் பிரிவுப் போட்டிகளையும் சேர்ப்பதிலும் ஒரே நெறி இல்லை. மேலும், வீரர் தொழில்முறைக்கு வரும்போது, அவரை விளம்பரப்படுத்தும் ஏற்பாட்டாளருக்குப் பெரிய எண் தேவைப்படுகிறது. அவர் தரும் எண்ணைச் செய்தியாளர் எழுத, அதனை நூலாசிரியர் எடுத்தாள, பத்து நூல்களில் காணப்படும் எண்ணுக்கு மூலம் ஒன்றே ஆகிவிடுகிறது.

சரிபார்க்கும் நெறி

ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கிப் பழகிய தமிழ் ஆய்வாளர்க்கு இந்நெறி புதிதன்று. ஒரே மூலத்திலிருந்து படியெடுத்த பல படிகள் பல சான்றுகள் ஆகா என்பதே இங்கும் அடிப்படை.

முதலாவதாக, மொத்த எண்ணை ஒதுக்கிவிட்டு, ஒவ்வொரு போட்டியையும் தனிப் பதிவாக எழுதுதல் வேண்டும். நாள், ஊர், போட்டித்தொடர், எதிராளி, எடைப்பிரிவு, முடிவு, முடிவு கிட்டிய விதம் ஆகியன அப்பதிவில் இடம்பெற வேண்டும். இரண்டாவதாக, போட்டி நடந்த ஊரின் அக்கால நாளிதழை மட்டுமன்றி எதிராளியின் சொந்த ஊர் நாளிதழையும் நோக்க வேண்டும்; தோற்றவர் ஊரில் சுருங்கிய செய்தி, வென்றவர் ஊரில் விரிவாக வந்திருக்கக்கூடும். மூன்றாவதாக, பெயர் மாற்றத்தைக் கருத்திற்கொள்ள வேண்டும். 1964-ஆம் ஆண்டு வரை அலியின் பெயர் கேசியஸ் கிளே. ஆகவே அமெச்சூர் காலச் செய்திகளை அப்பெயரிலேயே தேட வேண்டும். நான்காவதாக, போட்டி நடந்த நாளும் செய்தி அச்சான நாளும் வேறுபடுவதால், ஒரே போட்டி இருமுறை எண்ணப்படுவதைத் தவிர்க்க வேண்டும்.

அலியின் கணக்கு

இந்நெறிப்படி நோக்கின், சில பகுதிகள் ஐயத்திற்கு இடமின்றி நிலைபெறுகின்றன. 1960-ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் லைட் ஹெவிவெயிட் பிரிவில் அவர் பெல்ஜியம், சோவியத் ஒன்றியம், ஆஸ்திரேலியா, போலந்து ஆகிய நாடுகளின் வீரர் நால்வரை வென்று தங்கம் பெற்றார். 1959, 1960 ஆகிய ஈராண்டுகளிலும் தேசிய கோல்டன் குளோவ்ஸ் பட்டத்தையும் அமெச்சூர் தடகளச் சங்கப் பட்டத்தையும் வென்றார். பெருந்தொடர்கள் ஆதலின் இவற்றுக்குச் சான்றுகள் மிகுதி.

தோல்விகளுள்ளும் சில தெளிவானவை. 1958-இல் சிகாகோ கோல்டன் குளோவ்ஸ் தொடரில் கென்ட் கிரீன் அவரை வென்றார். 1959-இல் பான் அமெரிக்கன் விளையாட்டுகளுக்கான தேர்வுப் போட்டியில் இடக்கை வீரர் ஏமோஸ் ஜான்சனிடம் தோற்றார். ஊர்த்தோழர் ஜிம்மி எல்லிஸும் அவரை ஒருமுறை வென்றுள்ளார். இவ்வாறு வென்றவரை ஒவ்வொருவராகப் பெயர் சுட்டி அடுக்கிய பின்னரே 5 என்றோ 8 என்றோ கூறுதல் முறையாகும்.

எஞ்சும் பெரும்பகுதி லூயிவில் நகரின் உள்ளூர்ப் போட்டிகளாகும். 1954-ஆம் ஆண்டு 12 வயதில் அவர் ஆடிய முதல் போட்டியே உள்ளூர்த் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் இடம்பெற்ற மூன்று சுற்றுப் போட்டிதான். 1954-இன் இறுதி முதல் 1960 செப்டம்பர் வரை ஏறத்தாழ ஆறாண்டுகளில் 105 போட்டிகள் எனில் ஆண்டுக்குச் சராசரி 18 ஆகும். மூன்று சுற்றுப் போட்டிகளுக்கு இது இயலக்கூடியதே. எனினும், இயலக்கூடியது என்பது நிகழ்ந்தது என்பதற்குச் சான்றாகாது. 100 எனும் முழு எண்ணே அது தோராயக் கணக்கோ எனும் ஐயத்தை எழுப்புகிறது.

சரிபார்ப்பின் தேவை

இஃது எண் விளையாட்டன்று. புதிதாகத் தொழில்முறைக்கு வரும் இருவரை மோதவிடுகையில் அவர்தம் அமெச்சூர் அனுபவமே முதன்மை அளவுகோல். அனுபவம் மிகைப்படுத்தப்பட்ட இளைஞர் தமக்கு ஒவ்வாத வலியவரிடம் சிக்கி, தலைக்காயத்திற்கு ஆளாக நேரிடும். அனுபவத்தை மறைத்தவரோ எதிராளியை அத்தகைய இடருக்கு உள்ளாக்குகிறார். மேலும், தோல்வியின் எண்ணிக்கையைச் சான்றின்றிக் குறைக்கும்போது, வென்றவரின் பெயரும் வரலாற்றிலிருந்து நீங்குகிறது. பின்னாளில் உலகப்புகழ் பெற்றவரை ஓரிரவில் வென்ற இளைஞருக்கு அவ்வெற்றியே வாழ்வின் பெரும்பேறாக இருந்திருக்கலாம்.

முடிவுரை

ஆகவே, வகுப்பறையிலோ கட்டுரையிலோ இத்தகைய எண்ணை எடுத்தாளும்போது, பெயரும் நாளும் சுட்டி நிறுவப்பட்டவற்றை உறுதியான கணக்கு என்றும், மொத்த எண்ணை 'கூறப்படும் கணக்கு' என்றும் பிரித்துரைப்பதே நேர்மையாகும். அவ்வாறு உரைப்பதால் அலியின் பெருமை குறைவதில்லை. ரோமில் வென்ற நான்கு போட்டிகளும் சிகாகோவில் கென்ட் கிரீனிடம் கண்ட தோல்வியும் ஒரே பட்டியலில் நிற்கும்போதுதான், ஆறாண்டுகளில் அவர் அடைந்த வளர்ச்சி மாணவர்க்குப் புலப்படும்.