பொலிஸ் வாகனத்தில் கமரா இருந்தால் மட்டும் போதுமா?

2014 ஒக்டோபர் 20 இரவு அமெரிக்காவின் சிக்காகோ நகரில் லக்வான் மக்டொனால்ட் என்ற 17 வயதுக் கறுப்பின இளைஞர் பொலிஸாரால் சுட்டுக்கொல்லப்பட்டார். கையில் கத்தியோடு பொலிஸாரை நோக்கி வந்தார், உயிராபத்து என்பதால் சுட நேர்ந்தது என்று அன்றிரவே சொல்லப்பட்டது. அங்கே நின்ற பொலிஸார் எழுதிக்கொடுத்த அறிக்கைகளும் அதையே சொல்லின.

13 மாதங்கள் கழிந்து, 2015 நவம்பர் 24 அன்று, அந்த இடத்தில் நின்ற ரோந்து வாகனம் ஒன்றின் முன்கண்ணாடிக்குப் பின்னால் இருந்த கமராவின் பதிவு வெளியானது. அதில் மக்டொனால்ட் பொலிஸாரிடமிருந்து விலகி நடந்துகொண்டிருந்தார். ஜேசன் வான் டைக் என்ற பொலிஸ் உத்தியோகத்தர் வாகனத்திலிருந்து இறங்கிச் சில விநாடிகளுக்குள் சுடத் தொடங்கினார். மொத்தம் 16 சூடுகள். இளைஞர் தரையில் விழுந்த பின்னரும் சூடு நிற்கவில்லை. பதிவு வெளியான அதே நாளில்தான் வான் டைக் மீது கொலைக் குற்றச்சாட்டுப் பதிவானது. 2018 ஒக்டோபரில் ஜூரிகள் அவரைக் குற்றவாளியாகக் கண்டார்கள். 2019 ஜனவரியில் 6 ஆண்டுகளும் 9 மாதங்களும் சிறைத் தண்டனை கிடைத்தது.

அந்தத் திகதி எங்களுக்கும் பழக்கமானது. சரியாக இரண்டு ஆண்டுகள் கழித்து, 2016 ஒக்டோபர் 20 இரவு, யாழ்ப்பாணம் குளப்பிட்டியில் யாழ். பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் உயிரிழந்தார்கள். முதலில் வந்த செய்தி, மோட்டார் சைக்கிள் விபத்து என்பதுதான். பிரேத பரிசோதனையில் துப்பாக்கிச் சூட்டுக் காயம் தெரிந்த பின்னரே பொலிஸார் ஐவர் கைதானார்கள். சிக்காகோவிலும் பொலிஸ் சொன்ன கதையை முதலில் உடைத்தது காணொளி அல்ல, பிரேத பரிசோதனை அறிக்கைதான். உடலில் 16 சூடுகள் பட்டிருந்ததை அந்த அறிக்கையைக் கொண்டு 2015 பெப்ரவரியில் எழுதியவர் ஜேமி கல்வன் என்ற சுயாதீன ஊடகவியலாளர்.

இப்படி ஒன்று நடக்கும்போதெல்லாம் ‘பொலிஸ் வாகனங்களுக்குக் கமரா பூட்டினால் எல்லாம் சரிவரும்’ என்று யாராவது சொல்வார்கள். எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். ஊடகக் கற்கையில் எந்தப் படத்தைப் பார்த்தாலும் கமராவைப் பிடித்திருந்தவர் யார் என்று கேட்கப் பழக்கியிருந்தார்கள். பொலிஸ் கமராவில் அந்தக் கேள்வி இன்னும் நீளமானது. அதை இயக்குவது யார், நிறுத்துவது யார், பதிவை வைத்திருப்பது யார், காட்டுவதா இல்லையா என்று முடிவெடுப்பது யார்? இந்த நான்குக்கும் பதில் விதிமுறைகளில்தான் இருக்கிறது. அமெரிக்கா இந்த வழியில் 20 ஆண்டுகளுக்கு மேல் நடந்து, விழுந்து, மறுபடி எழுந்த நாடு. ஆகவே அங்கிருந்தே பார்ப்போம்.

அங்கே இந்தக் கமராக்கள் பரவியதற்கு நியூ ஜேர்சி ஒரு முக்கியமான காரணம். 1998 ஏப்ரலில் அந்த மாநிலத்தின் பெருந்தெருவில் நான்கு இளைஞர்கள் சென்ற வானை மறித்த மாநிலப் பொலிஸார் துப்பாக்கிச் சூடு நடத்தினார்கள். கறுப்பின, லத்தீன் மக்களின் வாகனங்களையே தேடி மறிக்கிறார்கள் என்ற நீண்டகாலக் குற்றச்சாட்டு அதோடு வெடித்தது. 1999 டிசம்பரில் மத்திய நீதித் திணைக்களத்துக்கும் மாநிலத்துக்கும் இடையில் நீதிமன்ற மேற்பார்வையோடு ஓர் இணக்கப்பாடு வந்தது. ரோந்து வாகனங்களில் கமரா, மறித்த ஒவ்வொரு வாகனத்துக்கும் பதிவு, அந்தப் பதிவுகளை மேலதிகாரிகள் பார்வையிடும் கடமை எல்லாம் அதில் இருந்தன. இங்கே முக்கியமானது கடைசி விடயம். பதிவை ஒருவரும் பார்க்காவிட்டால் கமரா வெறும் அலங்காரம்தான். நாடு முழுவதும் 2000ஆம் ஆண்டில் மாநிலப் பொலிஸ் வாகனங்களில் 11 சதவீதத்தில்தான் கமரா இருந்தது. மத்திய அரசின் நிதியுதவியோடு 2004இல் அது 72 சதவீதமானது.

இனி கமரா எப்படி இயங்குகிறது என்று பார்ப்போம். பலர் நினைப்பதுபோல் அது நாள் முழுவதும் பதிவுசெய்து சேமிப்பதில்லை. பெரும்பாலான கருவிகள் கடைசி அரை நிமிடத்தையோ ஒரு நிமிடத்தையோ மட்டும் நினைவில் வைத்து, பழையதை அழித்துக்கொண்டே இருக்கும். வாகனத்தின் அவசர விளக்கு எரிந்தால், அல்லது குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால், அல்லது மோதினால், அந்தக் கடைசித் துண்டையும் சேர்த்துக்கொண்டு பதிவு தொடங்கும். பொலிஸ்காரர் தானாகவும் அழுத்தித் தொடங்கலாம். அவசர விளக்கோடு பிணைப்பது ஏன் என்றால், ‘அழுத்த மறந்துவிட்டேன்’ என்று சொல்ல இடம் வைக்காமல் இருப்பதற்கு. விளக்கைப் போடாமலே ஒருவரை மறித்தால்? அந்தச் சந்துக்குள் நுழைய முடியாதபடி எழுதியிருப்பதே நல்ல விதி. இலினோய் மாநிலப் பொலிஸுக்கான சட்டம், மறித்த கணத்திலிருந்து அந்த நிகழ்வு முடியும்வரை படமும் ஒலியும் பதிவாக வேண்டும் என்கிறது.

ஒலி என்ற இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். மக்டொனால்ட் கொல்லப்பட்ட பதிவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் யாரும் பேசுவது கேட்பதில்லை. பல வாகனங்கள் வந்து நின்ற இடத்தில், ஒரு வாகனத்தின் பதிவில்கூடப் பயன்படக்கூடிய உரையாடல் ஒலி இல்லை. பின்னர் சிக்காகோ பொலிஸ் தானே செய்த ஆய்வில், நகரத்தின் 850 வாகனக் கமராக்களில் 80 சதவீதமானவை ஒலியைப் பதிவுசெய்யவில்லை என்று தெரியவந்தது. எல்லாம் இயந்திரக் கோளாறு அல்ல. உத்தியோகத்தர்கள் ஒலிவாங்கியைக் கழற்றி வாகனத்தின் சிறு பெட்டிக்குள் போட்டிருந்தார்கள். மின்கலங்கள் எடுக்கப்பட்டிருந்தன. அன்டெனாக்கள் முறிந்திருந்தன.

டெக்சாஸில் 2015 ஜூலையில் நடந்தது இதற்கு நேர்மாறானது. சான்ட்ரா பிளான்ட் என்ற கறுப்பினப் பெண், சமிக்ஞை போடாமல் பாதை மாறினார் என்று மறிக்கப்பட்டார். வாக்குவாதம் முற்றி, அவரை வாகனத்திலிருந்து இறக்கி, வீதியோரத்துக்குக் கொண்டுபோனார் பொலிஸ்காரர். அதன் பின் நடந்த பலவந்தம் கமராவின் சட்டகத்துக்கு வெளியே நடந்தது. படத்தில் வெறும் வீதி. ஆனால் ஒலி தொடர்ந்தது. அவர் வலியில் கத்துவதும் வாக்குவாதமும் அதில் இருந்தன. மூன்று நாட்களின் பின் அவர் சிறைக்கூடத்தில் இறந்து கிடந்தார். வாகனக் கமரா ஒரே திசையைத்தான் பார்க்கும். அந்தத் திசைக்கு வெளியே நடப்பதற்கு ஒலிதான் சாட்சி. அதனால்தான் வாஷிங்டன் மாநிலச் சட்டம், நிகழ்வு பதிவாகிக்கொண்டிருக்கும்போது ஒலிவாங்கியை வேண்டுமென்றே நிறுத்தக்கூடாது என்று நேரடியாகவே தடுக்கிறது. ஒலி பதிவாகிறது என்பதை எதிரில் நிற்பவருக்குச் சொல்ல வேண்டும், அப்படிச் சொன்னதும் பதிவில் இருக்க வேண்டும் என்றும் கேட்கிறது. அவசர நிலைக்கு மட்டும் விலக்கு உண்டு.

அடுத்தது, பதிவைக் காப்பது. பிளான்டின் பதிவை டெக்சாஸ் பொலிஸ் முதலில் வெளியிட்டபோது சில இடங்களில் காட்சிகள் துண்டாகி, திரும்பத் திரும்ப வந்தன. தரவேற்றக் கோளாறு என்று விளக்கி மறுபடி வெளியிட்டார்கள். விளக்கம் சரியாகவே இருக்கலாம். ஆனால் அதற்குள் ‘வெட்டி ஒட்டிவிட்டார்கள்’ என்ற சந்தேகம் நாடெங்கும் பரவிவிட்டது. இதை எங்கள் வாசகர்களுக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை. 2009 ஓகஸ்டில் சனல் 4 ஒளிபரப்பிய படுகொலைக் காட்சிகளைப் போலி என்று அரசாங்கம் சொன்னது. 2010 ஜனவரியில் ஐ.நா.வின் விசேட அறிக்கையாளர் பிலிப் அல்ஸ்டன், நிபுணர்களின் ஆய்வை வைத்து அவை உண்மையானவை என்றே தெரிகிறது என்று சொல்ல வேண்டிவந்தது. கைத்தொலைபேசியில் எடுத்துக் கைமாறி வந்த காட்சிக்கு அந்தப் பாடு. பொலிஸ் கமராவுக்கு அந்தப் பாடு வரக்கூடாது என்பதற்காகவே நல்ல விதிமுறைகள் சில ஏற்பாடுகளை வைத்திருக்கின்றன. வாகனம் நிலையத்துக்கு வந்ததும் பதிவு தானாகவே சேமிப்பகத்துக்குப் போக வேண்டும். வாகனத்தில் இருந்தவருக்கு அழிக்கும் வசதி இருக்கக்கூடாது. யார், எப்போது திறந்து பார்த்தார் என்பது தனியாகப் பதிவாக வேண்டும். சாதாரணப் பதிவுகளைக் குறித்த காலத்தின் பின் அழிக்கலாம், முறைப்பாடோ காயமோ மரணமோ சம்பந்தப்பட்டதைத் தொடக்கூடாது.

சம்பந்தப்பட்ட பொலிஸ்காரர் பதிவைப் பார்த்துவிட்டு அறிக்கை எழுதலாமா என்பது அங்கே இன்னும் தீராத சண்டை. பார்த்தால் தவறில்லாமல் எழுதலாம் என்று ஒரு தரப்பு சொல்கிறது. பார்த்தால் படத்துக்கு ஏற்றபடி கதையைத் தைத்துக்கொள்ளலாம் என்று மற்றத் தரப்பு சொல்கிறது. நான் இரண்டாவது தரப்பு. சிக்காகோவில் எழுத்தில் சொன்னதும் படத்தில் தெரிந்ததும் வேறுவேறாக இருந்தபடியால்தான் பொய் பொய்யாகத் தெரிந்தது.

மிகப் பெரிய மோதல், வெளியிடுவது பற்றியது. மக்டொனால்ட் குடும்பத்துக்கு 5 மில்லியன் டொலர் இழப்பீடு கொடுக்க 2015 ஏப்ரலில் நகரசபை ஒப்புக்கொண்டது. அப்போதும் பதிவு வெளியே வரவில்லை. பிரண்டன் ஸ்மித் என்ற சுயாதீன ஊடகவியலாளர் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டார், மறுத்தார்கள். வழக்குப் போட்டார். ‘விசாரணை நடக்கிறது’ என்பதே பொலிஸின் பதில். விசாரிப்பது வேறு நிறுவனங்கள், பதிவை வைத்திருப்பது பொலிஸ், ஆகவே அந்த விலக்கைப் பொலிஸ் தனக்கு எடுத்துக்கொள்ள முடியாது என்றார் நீதிபதி. 2016இல் சிக்காகோ புதிய விதி கொண்டுவந்தது. இப்படியான சம்பவங்களின் பதிவுகள் 60 நாட்களுக்குள் வெளிவர வேண்டும், தகுந்த காரணம் இருந்தால் இன்னும் 30 நாட்கள்.

எல்லா இடமும் அப்படியில்லை. வட கரோலினா அதே 2016இல் எதிர்த்திசையில் போனது. அங்கே இந்தப் பதிவுகள் பொது ஆவணம் அல்ல, பிரதி வேண்டுமென்றால் நீதிமன்றக் கட்டளை தேவை. சியாட்டில் பொலிஸ், வழக்கு வரக்கூடும் என்ற காரணத்தைச் சொல்லியே மூன்று ஆண்டுகள் பதிவுகளைத் தடுத்துவைக்கப் பார்த்தது. நடந்துகொண்டிருக்கும் வழக்கு இருந்தால்தான் அப்படித் தடுக்கலாம் என்று 2014இல் மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. நியூ ஜேர்சியின் கதைதான் எனக்கு விசித்திரமாகத் தெரிகிறது. 2018இல் அதன் உச்ச நீதிமன்றம், சட்டம் கட்டாயப்படுத்தி எடுக்காத வாகனக் கமராப் பதிவு, பொது ஆவணச் சட்டத்தின் கீழ் கிடைக்கத் தேவையில்லை என்று தீர்ப்பளித்தது. நகரப் பொலிஸுக்குக் கமராவைக் கட்டாயமாக்கிய மாநிலச் சட்டமோ, செலவுக்குப் பணம் ஒதுக்கவில்லை என்ற காரணத்தால் 2016இலேயே வலுவிழந்திருந்தது. அதாவது கமரா இருந்தாலும், அதைக் கட்டாயமாக்கும் சட்டம் இல்லாவிட்டால் பதிவைக் கேட்கும் உரிமையும் ஆட்டம் காணும்.

எங்கள் பக்கம் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 14 வேலை நாட்களுக்குள் தகவல் உத்தியோகத்தர் முடிவு சொல்ல வேண்டும். குற்றத்தைத் தடுப்பதற்கோ கண்டுபிடிப்பதற்கோ பாரிய பாதிப்பு என்று 5ஆம் பிரிவைக் காட்டி மறுக்கலாம். ஆனால் அதே பிரிவு, பொதுமக்கள் நலன் மேலோங்கினால் கொடுக்கத்தான் வேண்டும் என்றும் சொல்கிறது. மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தரிடமும், பின்னர் ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். பொலிஸ் நிலையத்திலோ வீதியிலோ உள்ள கமராப் பதிவைக் கேட்பவர்களுக்கும் இதே வழிதான்.

கேட்கும்போது திகதி, நேரம், இடம் மூன்றையும் எழுதுங்கள். அதை அழிக்காமல் வைத்திருக்கும்படி தனியாக ஒரு கடிதம் உடனே கொடுங்கள். விண்ணப்பத்துக்கு முடிவு வருமுன்னரே பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடக்கூடும். கமரா வேலைசெய்யவில்லை என்று பதில் வந்தால், எப்போது பழுதானது, யாருக்கு அறிவித்தார்கள், எப்போது திருத்தினார்கள் என்ற பதிவேட்டை அடுத்த விண்ணப்பத்தில் கேளுங்கள். சிக்காகோவின் ஒலிவாங்கிகள் எங்கே போயின என்பது செய்தியாளர்களுக்குத் தெரியவந்தது அப்படியான பராமரிப்புப் பதிவேடுகளிலிருந்துதான்.